கண் சிவந்தால் போதையா?

பதின்வயதினரைத் தினமும் பார்க்கிற மருத்துவர்களுக்காவது அவர்களின் போதைப் பழக்கத்தைக் கண்டுபிடிக்கத் தெரியுமா என்று பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வுக்குழு ஒன்று சோதித்துப் பார்த்தது. வழக்கமான பரிசோதனைக்கு வந்த, 14 முதல் 18 வயது வரையிலான ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை மருத்துவர்கள் பார்த்தார்கள். இவருக்குப் பழக்கமே இல்லை, இவர் எப்போதாவது தொடுகிறார், இவருக்குச் சிக்கல் இருக்கிறது, இவர் அடிமையாகிவிட்டார் என்று தங்களுக்குப் பட்டதைக் குறித்துவைத்தார்கள். அதே பிள்ளைகளிடம் முறையான நோயறி நேர்காணலும் தனியாக நடந்தது. நேர்காணலின்படி 36 பேர் அடிமை நிலையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட மருத்துவர்கள் அப்படி அடையாளம் காணவில்லை. 2004இல் வெளியான இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. சிக்கல் இல்லாத பிள்ளைமீது அவர்கள் அநேகமாகப் பழி சுமத்தவில்லை. சிக்கல் உள்ள பிள்ளையைத்தான் கோட்டைவிட்டார்கள்.

படித்த, பழகிய, பிள்ளைகளிடம் அக்கறையுள்ள கண்களுக்கே இந்தக் கதி. நம் ஊரில் இந்த வேலையை ஒரு பட்டியலிடம் ஒப்படைத்திருக்கிறோம். பள்ளி அறிவிப்புப் பலகை, விழிப்புணர்வுத் துண்டறிக்கை, குடும்ப வாட்ஸ்அப் குழு என்று எங்கே பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே பட்டியல். கண் சிவந்திருக்கும், தூக்கம் மாறும், எரிந்து விழுவார்கள், தனியாக இருப்பார்கள், மதிப்பெண் குறையும், புது நண்பர்கள் வருவார்கள், பணம் கேட்டு நச்சரிப்பார்கள், அறைக்கதவைச் சாத்திக்கொள்வார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் யாரும் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. ஏனென்றால் பட்டியலில் பாதி அந்த வயதின் இயல்பு.

தூக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பருவமடையும் காலத்தில் உடலின் உள்கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. பிள்ளை நடுநிசிவரை விழித்திருந்து காலையில் எழ மறுப்பதில் கைப்பேசிக்குப் பங்கு உண்டு, உடற்கூறுக்கும் பங்கு உண்டு. கண் சிவப்புக்கு ஒவ்வாமை போதும், மெட்ராஸ் ஐ போதும், அழுதிருந்தாலும் போதும். திடீரென உடல் மெலிந்து, சோர்ந்து, எரிச்சலோடு அடிக்கடி கழிப்பறைக்குப் போகும் பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவு இருக்கலாம். அதைப் போதை என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. மனச்சோர்வு, பள்ளியில் சீண்டல், காதல் முறிவு, யாரிடமும் சொல்ல முடியாத பாலியல் தொந்தரவு ஆகிய எல்லாமே இந்தப் பட்டியலைப் பிசகாமல் நிரப்பிக் காட்டும்.

இதை எண்களில் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். எய்ம்ஸ் மருத்துவர்கள் தலைமையில் டெல்லி, பெங்களூரு, மும்பை, ஹைதராபாத், இம்பால் உள்ளிட்ட பத்து நகரங்களில் 8, 11, 12ஆம் வகுப்பு மாணவர்கள் 5,920 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பின் முடிவுகள் 2025இல் வெளியாயின. தமிழ்நாட்டு நகரம் எதுவும் அதில் இல்லை. வாழ்நாளில் ஒருமுறையேனும் ஏதோவொரு போதைப்பொருளைத் தொட்டவர்கள் 15.1 விழுக்காடு, கடந்த ஓராண்டில் 10.3, கடந்த ஒரு மாதத்தில் 7.2. புகையிலையும் மதுவும் இந்தக் கணக்கில் சேர்த்தி. கேட்டால் மறைத்துவிடுவோம் என்றவர்கள் ஏறத்தாழ பாதிப்பேர். ஆகவே உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

இந்த 7.2ஐ வைத்துக்கொண்டு ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியைக் கற்பனை செய்வோம். 72 பேர் கடந்த மாதம் எதையோ பயன்படுத்தியவர்கள், 928 பேர் இல்லை. எரிச்சல், தூக்க மாற்றம் என்ற அடையாளம் அந்த 72 பேரில் அறுபது விழுக்காட்டினரிடமும் மற்றவர்களில் முப்பது விழுக்காட்டினரிடமும் இருப்பதாக வைப்போம். அறுபதும் முப்பதும் கணக்குக்காக நான் வைத்தவை. அடையாளத்தை நம்பி ஆசிரியர் சந்தேகப்படும் 321 பேரில் உண்மையில் பழக்கமுள்ளவர்கள் 43 பேர். அதாவது, கூப்பிட்டு விசாரிக்கப்படும் ஏழெட்டுப் பேரில் ஒருவர். மற்ற 278 பிள்ளைகள் செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து நிற்பார்கள், உண்மையில் உதவி தேவைப்படும் 29 பேர் சந்தடியில்லாமல் நழுவிப்போவார்கள்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று அடையாளங்கள் ஒருங்கே தென்பட்டால்தான் சந்தேகப்படுவது என்று வைத்தால் நிலைமை மேம்படும். அப்போது சந்தேகப்படும் ஐந்து பேரில் ஏறத்தாழ இருவர் பழக்கமுள்ளவர்களாக இருப்பார்கள். ஆனால் வாழ்க்கையில் அடையாளங்கள் தனித்தனியாக வருவதில்லை. மனம் சோர்ந்த பிள்ளைக்குத் தூக்கமும் கெடும், படிப்பும் சரியும், நட்பும் விலகும். மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் அது மனச்சோர்வையும் போதையையும் பிரித்துக் காட்டாது.

அப்படியானால் பார்ப்பதே வீணா என்றால், இல்லை. எதைப் பார்ப்பது, எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊரார் பிள்ளைகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அதே பிள்ளை ஆறு மாதத்துக்கு முன் எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிட வேண்டும். எப்போதும் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிற பெண் இன்றும் சாத்திக்கொள்வதில் செய்தி இல்லை. வாசலில் பந்து தட்டும் சத்தம் கேட்டால் சோற்றில் கைவைத்தபடியே எழுந்து ஓடுகிற பையன் மூன்று வாரமாக மைதானத்துப் பக்கமே போகவில்லை என்பதில் செய்தி இருக்கிறது. ஆசிரியரும் இதையே கவனிக்கலாம். வழக்கமாக நாற்பது வாங்குகிறவர் நாற்பது வாங்குவது வேறு, எண்பதிலிருந்து நாற்பதுக்கு இறங்குவது வேறு. இந்த ஒப்பீட்டுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. பிள்ளை இதற்குமுன் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பி, 'சாப்டியா?' என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ளும் அப்பாவிடம் அந்தப் பழைய கணக்கு இருக்காது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, ஆனால் உண்மை அது.

எந்த வயதில் பார்ப்பது என்பதிலும் நம் கணக்கு தப்புகிறது. பிளஸ் டூ முடித்து விடுதிக்குப் போகும்போதுதான் பெற்றோருக்குப் பயம் வருகிறது. மேலே சொன்ன பத்து நகர ஆய்வில், பழக்கமுள்ள பிள்ளைகள் முதன்முதலில் தொட்ட சராசரி வயது 12.9. ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புக் காலம் அது. 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின் இந்தியப் பகுதி இன்னும் கீழே போகிறது. மெல்லும் புகையிலையைத் தொடங்கியவர்களின் இடைநிலை வயது அதில் 9.9. பத்து வயதுகூட நிரம்பவில்லை. 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்றும், ஆண் பிள்ளைகளில் 9.6, பெண் பிள்ளைகளில் 7.4 என்றும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. பெண் பிள்ளைகளைப் பற்றிய அந்த எண்ணைக் கவனியுங்கள். நம் பட்டியல்கள் எல்லாம் பையனை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன.

நடத்தை சார்ந்த அடையாளங்கள் பொதுவானவை, குழப்புபவை. ஆனால் ஒவ்வொரு பொருளும் உடலிலும் பையிலும் விட்டுச்செல்லும் தடயம் தனி. அதைத் தெரிந்துகொள்வதில் பயன் உண்டு.

பள்ளிப் பருவத்தில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் புகையிலைதான். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்கும் மெல்லும் புகையிலைப் பொருள்களுக்கும் தடை இருக்கிறது. ஆனாலும் பெட்டிக்கடையில் கேட்கிற விதத்தில் கேட்டால் கிடைக்கிறது. அண்மை ஆண்டுகளில் ஆசிரியர்கள் அதிகம் சொல்லும் பெயர் 'கூல் லிப்'. சிறிய வெள்ளைப் பொட்டலம். மெல்ல வேண்டியதில்லை, உதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் செருகிக்கொண்டால் போதும். புகை கிடையாது, புதினா வாசம் வேறு. வகுப்பு நடக்கும்போதே வைத்துக்கொள்ளலாம். 2024 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இது பள்ளிப் பிள்ளைகளிடம் பரவுவதைக் கவலையோடு சுட்டிக்காட்டி, நாடு முழுவதும் ஏன் தடைசெய்யக் கூடாது என்று மத்திய அரசிடம் கேட்டது. இதைக் கண்டுபிடிக்கக் கண்ணைப் பார்ப்பதால் பயனில்லை, வாயைப் பார்க்க வேண்டும். பொட்டலம் வைக்கும் இடத்தில் ஈறு வெளுத்திருக்கும், சுருங்கியிருக்கும், சில நேரம் புண்ணாகியிருக்கும். பேசும்போது உதட்டை இறுக்கிக்கொள்வதும் அடிக்கடி எச்சில் துப்புவதும் துணைத் தடயங்கள். பல் மருத்துவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

சென்னையில் 'மாவா' என்று ஒன்று உண்டு. சீவிய பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த கலவை. பாக்கு தொடர்ந்து வாயில் இருந்தால் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகும். வாய் முழுதாகத் திறக்காது. அதற்கும் முந்தைய அறிகுறி, காரம் பட்டால் வாய் எரிவது. காரக்குழம்பை விரும்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை சில மாதங்களாகத் தயிர்ச்சோறே போதும் என்று ஒதுங்கினால் அதைச் சமையலறையில் இருப்பவர்தான் முதலில் கவனிப்பார். எந்தத் துண்டறிக்கையிலும் இதை நான் பார்த்ததில்லை. கன்னம் இப்படி இறுகுவது வாய்ப்புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்பதால் இதற்குப் பட்டியலில் முதலிடம் கொடுக்கலாம்.

அடுத்தது முகர்பொருள்கள். ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், பெயின்ட் தின்னர், பெட்ரோல். 2019இல் வெளியான எய்ம்ஸின் தேசியக் கணக்கெடுப்பில் சிறார்களிடம் பெரியவர்களைவிட அதிகமாகக் காணப்பட்ட ஒரே வகை இதுதான்: பெரியவர்களில் 0.58 விழுக்காடு, சிறார்களில் 1.17. உதவி தேவைப்படும் நிலையில் இருக்கும் சிறார்கள் மட்டும் நாடு முழுவதும் 4.6 லட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது. காரணம் எளிது. எழுதுபொருள் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்குவது குற்றமில்லை, பையில் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். போதை சில நிமிடங்களில் ஏறி விரைவில் இறங்கிவிடும். பள்ளிக்குப் பின்புறம் முகர்ந்துவிட்டு நடந்து வீடு சேர்வதற்குள் தள்ளாட்டம் தெளிந்துவிடும். ஆகவே ஆளைவிடப் பொருள்தான் காட்டிக்கொடுக்கும். தேவைக்கு மிஞ்சிய ஒயிட்னர் புட்டிகள், ரசாயன நெடி வீசும் கைக்குட்டை, உள்ளே பசை காய்ந்த பிளாஸ்டிக் பை. மூக்கைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் வறண்டு சிவந்த தடிப்பு இருந்தால் அது பல நாள் பழக்கம்.

முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். இந்த ரசாயனங்கள் இதயத் தசையை அட்ரினலினுக்கு மிகையாகத் துடிக்கும்படி ஆக்கிவைக்கின்றன. அந்த நேரத்தில் பயந்து ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே சாவு நேரலாம். முதல் தடவை முகர்ந்தவர்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது. அமைதியாக அருகில் போய், பொருளை வாங்கிவைத்து, காற்றோட்டமான இடத்தில் உட்காரவைப்பதே செய்யத்தக்கது. கோபத்தைக் காட்ட மறுநாள் இருக்கிறது.

மாத்திரைகள் இன்னும் கடினம். நெடி கிடையாது, புகை கிடையாது. பத்து நகர ஆய்வில் புகையிலைக்கும் மதுவுக்கும் அடுத்த இடத்தில் ஓபியாய்டு வகை இருந்தது, கஞ்சாகூட அதற்குப் பின்னால்தான். அதிலும் பெரும்பகுதி மருந்துச்சீட்டில்லாமல் வாங்கிய வலிமாத்திரைகள். தமிழ்நாட்டில் காவல்துறை அடிக்கடி கைப்பற்றுவது டேபென்டடால் என்ற வலிநிவாரணியை. நைட்ரஜெபாம் போன்ற தூக்கமாத்திரைகளும் புழங்குகின்றன. டேபென்டடாலைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்தைத் தவிர மாவுப்பொருளும் டால்க்கும் இருக்கும். அவை இரத்தநாளத்தில் அடைத்து, கையில் சீழ்க்கட்டியாகவும் நுரையீரலில் கேடாகவும் முடிகின்றன. ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் கூடவே வரும். பார்க்க வேண்டிய தடயங்கள்: வெளிச்சம் குறைந்த அறையிலும் ஊசிமுனை போல் சுருங்கிய கண்மணி, உட்கார்ந்தபடியே தூங்கி விழுதல், மலச்சிக்கல், காரணமில்லாத அரிப்பு. பொருள் கிடைக்காத நாளில் இதற்கு நேர்மாறாக, சளி பிடித்தவர்போல் மூக்கொழுகும், கொட்டாவி கொட்டாவியாக வரும், மயிர்க்கூச்செறியும், வயிற்றுப்போக்கு ஏற்படும். மாதத்தில் இரண்டு மூன்று தடவை 'ஜலதோஷம்' வந்து, ஒரு மணி நேரம் வெளியே போய்வந்ததும் சரியாகிவிடும் என்றால் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டால் சட்டைக்குள் இருப்பதைப் பற்றி யோசிக்கலாம். பாட்டியின் மருந்து டப்பாவையும் எண்ணிப்பார்க்கலாம். எழுப்பியும் எழாமல், மூச்சு நிமிடத்துக்கு ஏழெட்டாகக் குறைந்து, உதடு நீலம் பாரித்தால் அது அளவுக்கு மீறிய போதை. உடனே ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும், என்ன உட்கொண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கஞ்சாவைப் பற்றி ஊரே பேசுவதால் இங்கே சுருக்கம் போதும். சிவந்த கண், இரவு பத்து மணிக்குத் திடீர்ப் பசி, ஆடையில் தங்கும் தழை கருகிய வாசம், சுருட்டும் தாள், கண்சிவப்பை மறைக்கச் சொட்டுமருந்து. மின்சிகரெட் 2019இலேயே சட்டப்படி தடைசெய்யப்பட்டது. ஆனாலும் பென் டிரைவ் போலவும் பேனா போலவும் வருகிறது, பழவாசம் அடிக்கும். மது விஷயத்தில் அடையாளம் தேடுவதைவிட நம் விசேஷ வீடுகளைத் தேடுவது நல்லது. டாஸ்மாக்கில் 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்பது விதி. ஆனால் பல பையன்களுக்கு முதல் மடக்கு ஊற்றியது கடைக்காரர் இல்லை, கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் நின்ற சித்தப்பாவோ மாமாவோதான்.

பதற்றத்தில் பெற்றோர் அடுத்து ஓடுவது சோதனைப் பட்டைக்கு. இணையத்தில் சிறுநீர்ச் சோதனைப் பட்டைகள் கிடைக்கின்றன. பிள்ளையை மிரட்டிச் சிறுநீர் வாங்கிச் சோதிப்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2007லேயே ஊக்குவிக்க மறுத்தது. அறத்தைத் தள்ளிவைத்து அறிவியலை மட்டும் பார்த்தாலும் அவற்றை நம்ப முடியாது. குருமாவில் அரைத்துவிட்ட கசகசா ஓபியம் வகைக்கு நேர்மறை காட்டலாம். அதேநேரம் நம் ஊரில் புழங்கும் டேபென்டடாலைச் சாதாரணப் பட்டை பிடிக்காது, ஒயிட்னரையும் பிடிக்காது. கஞ்சாவைத் தொடர்ந்து பயன்படுத்தியவர் நிறுத்திச் சில வாரம் ஆன பிறகும் நேர்மறை வரும். திருந்த முயலும் பிள்ளையைப் பொய்யனாக்கும் சோதனை அது. இதையெல்லாம் தெரிந்த மருத்துவர், பிள்ளையின் சம்மதத்தோடு, சிகிச்சையின் பகுதியாகச் செய்தால் பொருள் உண்டு. வீட்டில் செய்தால் மிஞ்சுவது பகை மட்டுமே.

பெற்றோரின் கண்காணிப்பு பிள்ளையைக் காக்கும் என்று உளவியல் நூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. பிள்ளை எங்கே போகிறது, யாரோடு போகிறது என்று தெரிந்துவைத்திருக்கும் வீடுகளில் சிக்கல் குறைவு என்பது ஆய்வுகளில் தொடர்ந்து கண்ட உண்மை. ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே வேறு கேள்வியாகக் கேட்டார்கள். அந்தப் பெற்றோருக்கு அதெல்லாம் எப்படித் தெரிந்தது? 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரிடமும் அவர்களின் பெற்றோரிடமும் விசாரித்து 2000ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு பலரைச் சங்கடப்படுத்தியது. பெற்றோருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, துருவித் துருவிக் கேட்டோ கட்டுப்படுத்தியோ அறிந்தது அல்ல. பிள்ளை தானாக வந்து சொன்னது. பாதுகாப்போடு நெருங்கிய தொடர்பு இருந்ததும் அந்தச் சொல்லுதலுக்குத்தான். கட்டுப்படுத்தப்படுகிறோம் என்ற உணர்வு மேலோங்கிய பிள்ளைகளிடம் நிலைமை மோசமாகக்கூட இருந்தது.

இதைப் படித்துவிட்டுக் கட்டுப்பாடே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐஸ்லாந்தில் 13 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் தனியாக வெளியே இருக்கக் கூடாது என்பது சட்டம். 1998இல் அங்கே 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 ஆகிவிட்டது. ஆனால் அங்கே பிள்ளைகளின் பையைத் துழாவவில்லை. விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது. பெற்றோர்கள் பள்ளிவாரியாகக் கூடி, பிள்ளைகளோடு அதிக நேரம் செலவிடுவதென்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். வார நாள்களில் பெற்றோரோடு அடிக்கடி நேரம் கழிப்பதாகச் சொன்ன பிள்ளைகள் 1997க்கும் 2012க்கும் இடையில் இரண்டு மடங்கானார்கள். பொதுவான விதி எல்லாருக்கும் ஒன்றுபோல இருந்ததால் எந்தப் பிள்ளைக்கும் தன்னை மட்டும் சந்தேகிக்கிறார்கள் என்ற எண்ணம் வரவில்லை என்பது என் ஊகம்.

ஆக, அடையாளங்களைத் தெரிந்துகொள்வதன் பயன் பேச்சைத் தொடங்குவதில்தான் இருக்கிறது. தீர்ப்பு எழுதும் தகுதி அவற்றுக்கு இல்லை. எப்படித் தொடங்குவது? 'டேய், உண்மையைச் சொல்லு, கஞ்சா அடிக்கிறியா?' என்று கேட்டால் வரும் பதில் ஒன்றே ஒன்று. கேட்டவருக்கும் அது முன்பே தெரியும். பார்த்ததை மட்டும் சொல்லலாம்: 'தம்பி, மூணு வாரமா நீ விளையாடப் போகல. நேத்து சாப்பாட்டையும் அப்படியே வச்சிட்டுப் போயிட்ட. திட்டுறதுக்காகக் கேக்கல. என்னன்னு சொல்லணும்னு தோணும்போது சொல்லு, எந்த நேரமா இருந்தாலும் பரவாயில்ல.' அன்றே பதில் வராமல் போகலாம். இரண்டாம் நாள், நான்காம் நாள், வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது வரலாம். முகத்துக்கு நேரே முகம் பார்க்காத நேரங்களில் பிள்ளைகள் அதிகம் பேசுகிறார்கள். போதையில் இருக்கும்போதும், அப்பா குடித்திருக்கும்போதும், பாட்டி தாத்தா முன்னிலையிலும் இந்தப் பேச்சு வேண்டாம்.

மருத்துவர்களும் ஆலோசகர்களும் கையாளத்தக்க முறை ஒன்று இருக்கிறது. மருத்துவர்களின் கண் தவறும் என்று காட்டிய அதே பாஸ்டன் குழுவில் இருந்த ஜான் நைட் உருவாக்கிய 'கிராஃப்ட்' என்ற வினாத்தொகுப்பு அது. ஆறே கேள்விகள். போதையில் இருப்பவர் ஓட்டிய வண்டியில் ஏறியதுண்டா, மனம் லேசாவதற்காகப் பயன்படுத்துவதுண்டா, தனியாக இருக்கும்போது பயன்படுத்துவதுண்டா, செய்தது மறந்துபோனதுண்டா, வீட்டாரோ நண்பரோ குறைத்துக்கொள் என்றதுண்டா, அதனால் வம்பில் மாட்டியதுண்டா என்று அவை போகும். இரண்டுக்கு ஆம் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். 14 முதல் 18 வயதான 538 பேரிடம் சோதித்து 2002இல் வெளியிட்டபோது, சிக்கல் உள்ளவர்களில் 76 விழுக்காட்டினரை அது பிடித்தது. சிக்கல் இல்லாதவர்களில் 94 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிட்டது. தேர்ந்த மருத்துவர்களின் கண்ணுக்குத் தப்பியதில் பெரும்பகுதியை ஆறு கேள்விகள் கண்டுபிடித்ததன் ரகசியம் ஒன்றுதான்: பெற்றோரை வெளியே உட்காரவைத்து, சொல்வது வெளியே போகாது என்று உறுதி சொல்லி, பிள்ளையிடமே கேட்டார்கள். நம் அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவுகளில் பதின்வயதினரை ஐந்து நிமிடமேனும் தனியாகப் பார்க்க இடமும் ஆளும் ஒதுக்கினால் பத்தாயிரம் துண்டறிக்கைகளைவிட அதிகப் பலன் கிடைக்கும் என்பது என் கருத்து.

சட்டத்தைப் பற்றிய பயம் பல வீடுகளில் வாயை அடைக்கிறது. மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வருமா என்று கேட்கிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவில் வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைநோயாளி, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து அது காக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. சட்டத்தின் கை கொடுத்தவரை நோக்கி நீள்கிறது. நடைமுறையில் கடைக்காரர் தப்பிக்க, பிள்ளை மாட்டிக்கொள்வதுதான் அதிகம்.

சிகிச்சை என்றதும் வேனில் வந்து கையைக் கட்டித் தூக்கிப்போகும் மையங்களை நாடாதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி இத்தகைய மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். சிறாரைச் சேர்த்தால் பெரியவர்களோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும், வீட்டாரோ அவர்கள் அமர்த்திய உதவியாளரோ எந்நேரமும் கூட இருக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் முதலில் இதைக் கேளுங்கள். மழுப்பினால் திரும்பிவிடுங்கள். பெரும்பாலான பதின்வயதினருக்கு உள்நோயாளியாகச் சேரும் தேவையே இருக்காது. மனநல மருத்துவரும் ஆலோசகரும் வாரம் ஒருமுறை பார்ப்பதும், அடியில் ஒளிந்திருக்கும் மனச்சோர்வையோ பதற்றத்தையோ கவனிப்பதும், குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவதுமே முக்கியமான சிகிச்சை.

கடைசியாகப் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒழுக்கத்தின் பெயரால் டி.சி. கொடுத்து அனுப்பினால் பள்ளியின் பெயர் காப்பாற்றப்படலாம். ஆனால் அந்தப் பிள்ளையைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் கண்ணும், காலை ஒன்பது மணிக்குப் போக வேண்டிய இடமும், பழக்கமில்லாத நண்பர்களும் ஒரே நாளில் பறிபோகின்றன. மிஞ்சுவது பொட்டலம் கொடுத்தவரின் நட்பு. அடுத்து மாட்டிய மாணவரைக் காப்பாற்ற நினைக்கும் தோழனும் அந்த டி.சி.யைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கமாட்டான். தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416, சிறார் உதவிக்கு 1098. மூன்றும் இலவசம். டி.சி. எழுதும் முன் இவற்றை எழுதி அந்தப் பெற்றோர் கையில் கொடுங்கள், பிள்ளையின் பெயரை வருகைப்பதிவேட்டில் விட்டுவையுங்கள்.